அலுமாரி பக்கத்தில் வைத்த உப்பு

“…ஆனா நான் வச்சது கல்லுப்புண்ணே. இது தூளால்ல இருக்கு?”

போன வருஷம் ஆனி மாதம், ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நின்றபடி ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். வெளியே விடாத மழை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வீட்டை விற்றுப் பார் என்பதையும் யாராவது சேர்த்திருக்கலாம். அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கட்டிய வீடு அது. பிள்ளைகள் கொழும்புக்கே போய்விட்டதால் விற்கலாம் என்று முடிவு செய்தோம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெயின்ட் அடி, ஒழுகும் குழாயை மாற்று, வேண்டாத சாமானை ஒழி, ஆள் வரும்போது எல்லா லைட்டையும் போடு. எல்லாம் நல்ல யோசனைதான். தரகர் மட்டும் காதருகே வந்து, “மாசி வெயில்ல காட்டிருங்க. மழையில காட்டினா இந்த ஊர்ல ஒரு வீடும் போகாது” என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். மலையை வெட்டிக் கட்டிய வீடு. பின்னறைச் சுவரை ஒட்டி மண்மேடு. மழை பிடித்தால் அந்தச் சுவரில் தண்ணீர் கசியும். பெயின்ட் அடித்து, அதன் முன்னால் அலுமாரியை நகர்த்தி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மாசியில் வீடு பார்க்க வந்தவர்தான் அந்தப் பெண். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். ஈரமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். “அம்மா கட்டில இந்த ரூம்லதாண்ணே போடணும். மழைக்கு ஈரம் கீரம் வராதுங்களே?” என்றார். வீடு கல்லு மாதிரி, பயப்படாதீங்க தங்கச்சி என்றேன்.

பேச்சு முடிந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனி பிறந்துவிட்டால் புது வீட்டுக் காரியம் செய்ய முடியாதே என்று, வைகாசிக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து உப்பும் மஞ்சளும் கொண்டுவந்தார். புது வீட்டுக்குள் சாமான் போகுமுன் உப்பு போகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பித்தளைக் கிண்ணத்தில் கல்லுப்பைக் குவித்து, மேலே மஞ்சள் கிழங்கை வைத்தார். அம்மா படுக்கப்போகிற அறையிலேயே இருக்கட்டும் என்று, அந்த அலுமாரி பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. ஒரு நாள் காலையில், யன்னல் துணிக்கு அளவெடுக்க வருவதாக போன் செய்தார். பின்னறையைத் திறந்து பார்த்தேன். உப்பு கரைந்து, மஞ்சள் தண்ணீரில் கிடந்தது. பதறிப்போய் அதைக் கொட்டிவிட்டு, சமையலறையில் இருந்த பைக்கட் உப்பை நிரப்பி, மஞ்சளைத் துடைத்து மேலே வைத்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “சாமி கும்பிட்டு வச்சதுங்க அது” என்று மட்டும் சொன்னாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது.

பிறகு மண்மேட்டை வெட்டி, வடிகால் போட்டு, ஐப்பசி மழையில் வேறொருவருக்குக் காட்டித்தான் வீட்டை விற்றேன். இப்போது யார் கேட்டாலும், மழையில் காட்டுங்கள், ஈரத்தை நீங்களே சொல்லுங்கள் என்கிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான்.

அன்று அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அலுமாரியை நகர்த்தச் சொல்லவும் இல்லை. மஞ்சளை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். அந்தத் தூள் உப்பைச் சிந்தாமல் ஒரு தாளில் கொட்டி, மடித்து, என் கையில் வைத்தார். “இது உங்க உப்புண்ணே. கறிக்கு ஆகும், வச்சுக்குங்க” என்றார். வெறும் கிண்ணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.