சாய்தளத்தில் காய்ந்த மிளகு

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து மதியம் ஒன்றில், நானும் என் மனைவியும் வாடகைக் காரில் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். வாசலூர்பட்டியில் படகுச் சவாரி முடிந்ததும், நான் கட்டிய வீடுகளைக் காட்டுகிறேன் வா என்று அவளைத் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்கு அழைத்துப் போனேன். அரசுப் பொறியாளராக இருந்தபோது அந்த மலையில் பல தொகுப்பு வீடுகளை மேற்பார்வையிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குத் தனிப் பெருமை உண்டு. சிறு வயதில் போலியோவால் இரண்டு கால்களும் செயலிழந்த ஒரு பெண்ணுக்காகக் கட்டியது அது. முன்வாசலில் படிகளுக்குப் பதில் சாய்தளம், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி, அகலமான கதவு. சட்டம் சொன்னபடி எல்லாம் செய்து, அவரை முன்னால் உட்காரவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன்.

போய்ப் பார்த்தால், சாய்தளம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் அண்ணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"வேற எதுக்குங்க சார் ஆவும்? எங்க ஊருல இந்தளவுக்கு வழவழன்னு சிமெண்டுக் களம் வேற யாரு ஊட்டுல இருக்குது?"

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தார். இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி, தரையோடு தரையாக நகர்ந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாய்தளத்தைப் பற்றிக் கேட்டேன். குறையாகச் சொல்லாமல், நடந்த கதையைச் சொல்வது போலச் சொன்னார். முதல் ஐப்பசி மழையிலேயே அதில் பாசி பிடித்துவிட்டதாம். இறங்கும்போது வழுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டதாம்.

"எனக்குக் கை வீங்குனா, உங்களுக்குக் கால் ஒடிஞ்ச மாதிரிங்க சார். ஒரு மாசம் ஊட்டுக்குள்ளயே கெடந்தேன்."

அண்ணி காப்பி கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் மட்டும். என் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "உனக்கு எங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"மத்தியானத்துக்கு மேல நான் தண்ணிகூடக் குடிக்கறதில்லீங்க அம்மா."

ஏன் என்று மனைவி கேட்க, அவர் தலையைத் திருப்பிக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நான் கட்டிய கழிப்பறைதான். வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, மேடு பள்ளமான மண் தரையைத் தாண்டி இருந்தது. முக்கால் அடி உயரத்தில் ஒரு படி. உள்பக்கமாகத் திறக்கும் குறுகிய கதவு. கால் நீட்டி உட்கார்ந்து நகர்பவர் உள்ளே போனால், அதைச் சாத்த இடமே இருக்காது. இதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. பின்னால் வந்து நின்ற அண்ணி மெதுவாகச் சொன்னார்: "விடியறதுக்கு முன்ன நாந்தானுங்க கூட்டியாந்து, கதவுக்குப் பதிலாச் சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அப்புறம் பொழுது சாஞ்சு ஒருக்கா. ராத்திரியில இந்த மேட்டுலயும் பள்ளத்துலயும் போவ முடியாதுங்க."

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அடித்தளம் தோண்டிய நாளில் அந்தப் பெண் அவ்வளவு தூரம் கையூன்றி வந்து என்னிடம் கேட்டிருந்தார். தனக்குச் சக்கர நாற்காலி கிடையாது, முன்னால் ரெண்டு படி இருந்தாலும் ஏறிக்கொள்வேன், கழிப்பறையை மட்டும் வீட்டோடு ஒட்டித் தரை மட்டத்தில் கட்டிக் கொடுங்கள் என்று. நான் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னேன்: "உனக்காகத்தானேம்மா ரேம்ப் போடறோம், சந்தோஷப்படு." போட்டோவில் விழுவது முன்பக்கம்தான். கொல்லைப்புறத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாற்றுத்திறனாளி பயன்படுத்த முற்றிலும் ஏற்ற வீடு என்று சான்றெழுதிக் கையெழுத்திட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். கழிப்பறையை மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார். வீடு ஏற்கெனவே ஏற்றதெனச் சான்றளிக்கப்பட்டிருப்பதால் மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்திருந்தது. கூடவே அந்தச் சான்றின் நகல். அடியில் என் கையெழுத்து. என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தை அவசரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது என் கையெழுத்து என்று மட்டும் சொல்லவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்தபின் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "ஏனுங்க, அந்தக் காயிதத்துல இருந்தது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

ஆமாம் என்றேன். நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தாளோடு உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க எழுதினேன், கிழித்தேன். நான் எழுதிய வரைவுகளிலெல்லாம் குற்றம் வரைபடத்தின் மீதோ விதியின் மீதோ போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் நாலே வரி எழுதினேன். அந்தச் சான்று தவறானது, கழிப்பறையைப் பார்க்காமலே கையெழுத்திட்டேன், பயனாளி முன்கூட்டியே சொல்லியும் கேட்கவில்லை, தவறு என்னுடையது. பஸ் ஏறி மலைக்குப் போய், அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடமே அதைப் படித்துக் காட்டினேன்.

"அது உங்க கையெழுத்துன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார். உங்க ஊட்டு அம்மா பக்கத்துல இருந்தாங்க. அவங்க முன்னால வெச்சு எப்படிங்க கேக்கறது?" பிறகு கவலையோடு, "இதைக் குடுத்தா உங்க பென்சனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்றார்.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். நீ சொல்லும்மா, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் டேப்பைத் தள்ளி வைத்துவிட்டார். உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, குழாய் இங்கே வேண்டும், கம்பி இங்கே வேண்டும் என்று சுவரில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர் விரல் பட்ட இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். தரை சொரசொரப்பாக இருக்கட்டும், கதவு வெளியே திறக்கட்டும், வாசற்படியே வேண்டாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "அந்த ரேம்ப்பை மட்டும் இடிச்சுறாதீங்க சார். மொளகு காயப்போட எடம் வேணும்."

நான் அலுவலகத்துக்குப் பல தடவை நடக்க வேண்டியிருந்தது. விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நடந்ததை எழுதி அனுப்பினேன். ஏழெட்டு மாதம் கழித்துப் பின்னறையோடு ஒட்டிப் புதிய கழிப்பறை வந்தது. பென்சில் கோடு இருந்த உயரத்திலேயே குழாய்.

வேலை முடிந்தபின் மனைவியோடு ஒரு மாலை போயிருந்தேன். வெயில் இறங்கி, குளிர் ஏறத் தொடங்கிய நேரம். அண்ணி இந்தத் தடவை நான்கு டம்ளர் கொண்டுவந்தார். அந்தப் பெண் இரண்டு கைச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டம்ளரை இரு கைகளாலும் பிடித்து, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார். தீர்ந்ததும் அண்ணியிடம் டம்ளரை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி" என்றார்.

நாலு மணிக்கு என் வீட்டில் காப்பி வரும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. அன்று வரைபடத்திலிருந்து ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திக் கேட்டிருந்தால், அத்தனை ஆண்டு மாலைகளில் அவர் தாகத்தோடு இருந்திருக்க வேண்டாமே என்ற எண்ணமும் கூடவே வருகிறது.