ஒன்று இல்லாத மெஷின்

பிறர் எழுதியதைத் தட்டச்சு செய்பவளுக்குச் சொந்தமாக ஒரு தப்பு இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. ஒரு பெண்ணின் வேலை அதில் போயிற்று. இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னைப் போல் டைப் அடித்துப் பிழைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அர்த்தம் வேண்டாம்

படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. தொழில் கற்றது பழைய டைப்ரைட்டரில். அதில் 1 என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. ஆங்கிலச் சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். பெரிய மார்க்கெட் பக்கம் நான் வேலை செய்த கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் விரல் மாறவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டர் சென்டர் சார் ஒருவர், புரோகிராம் பாடங்களைக் கையெழுத்தில் கொண்டுவந்தார். இதெல்லாம் என்ன சார் என்று கேட்டேன்.

"அர்த்தமெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா? பாத்து அடிங்க, போதும்."

எல்லாரும் பர்ஸ்ட்

பார்த்து மட்டும் அடித்திருக்கலாம். நூறு மார்க் வாங்கியவருக்கு 'பர்ஸ்ட்' என்று காட்டும் உதாரணத்தில் சமக்குறி இரண்டு இருந்தது. கைதவறி விழுந்திருக்கும் என்று ஒன்றை எடுத்துவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்ததும் சார் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு குறி இருந்தால்தான் மார்க் நூறா என்று பார்க்குமாம், ஒன்று மட்டும் என்றால் எல்லாருக்கும் நூறு போட்டுவிடுமாம். எல்லாப் பிரதியிலும் பேனாவால் இன்னொரு சமக்குறி போட வைத்தார்.

"உங்க புரோகிராம்ல எல்லாருமே பர்ஸ்ட்டுக்கா, சைபர் வாங்குனவனும்!"

எழுத்தா, எண்ணா

குருசுக்குப்பத்துச் செல்வி அந்த சென்டரில் படித்தாள். பாஸானால் உழவர்கரையில் ஒரு கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சென்டரில் ஒரு கம்ப்யூட்டருக்கு எட்டுப் பேர். விசையைத் தொட முறையே வராது. அதனால் உதாரணங்களைப் புள்ளி விடாமல் மனப்பாடம் செய்தாள். தேர்வில், ஒன்று வர வேண்டிய இடத்தில் எல் அடித்திருக்கிறாள். புரோகிராம் ஓடவில்லை. நேரம் முடியும்வரை அதையே திரும்பத் திரும்ப அடித்தாளாம். வேறு வேலைக்கு மனு அடிக்க எங்கள் கடைக்கு வந்தவள், புத்தகத்தை விரித்துக் காட்டினாள். உற்றுப் பார்த்தேன். எல்தான். யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"அச்சுல வந்தது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்க்கா."

சிவப்புப் பொட்டு

அடித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாளி பக்கத்தில் நின்றார். மறுநாள் சாரிடம் மட்டும் சொல்லி, மீதிப் பிரதிகளை வாங்கி ஒவ்வொரு எல் எழுத்தையும் ஒன்றாகத் திருத்தினேன். செல்வியிடம் சொல்லட்டுமா என்று சாரையே கேட்டேன்.

"அந்த வேலைக்கு வேற ஆளு போட்டுட்டாங்க. இனிமே சொல்லி என்னக்கா ஆவப்போவுது?"

வீட்டிலிருந்து நகப்பூச்சு கொண்டுபோய், 1 என்ற விசையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். ஒன்று எங்கே இருக்கிறது என்று இப்போது என் விரலுக்குத் தெரியும். அன்று எல் எழுத்தை அடித்த விரல் யாருடையது என்பதுதான் செல்விக்குத் தெரியாது.