ஸல்ஹா வீட்டு அன்னமுன்னா

ஸல்ஹா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகுதான் நான் கிண்ணியாவுக்குப் போகத் தொடங்கினேன். குளிக்கவைப்பதும் விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. கைவலியைப் பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. கதையெல்லாம் மதிலோரம் நின்ற, முள்சீத்தா என்றும் சொல்லும் முள்ளுத்தோல் அன்னமுன்னா மரத்தைப் பற்றித்தான்.

அவளும், அடுத்த வளவிலிருக்கும் கணவனின் அக்கா றுக்கியாவும் ஒரே பழத்தின் விதைகளை ஒரே நாளில் நட்டவர்கள். ஸல்ஹா மீன்கழிவு புதைத்தாள், மாரியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினாள். மரம் பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. றுக்கியாவின் மரமோ காய்த்தது. நோன்பு மாதத்தில் அங்கிருந்து, விதை நீக்கிப் பால் சேர்த்த பழச்சாறு வரும். ஸல்ஹாவின் கணவனே அதைப் புகழ்ந்து குடிப்பார். அடுத்த நோன்புக்குத் தன் மரத்துச் சாறு மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டும் என்பதே அவளுடைய ஆசை.

இலை கேட்டு வருபவர்களும் றுக்கியாவிடமே போனார்கள். காய்க்கிற மரத்து இலைக்குத்தான் குணமாம். அவித்துக் குடித்தால் நித்திரை வரும் என்கிறார்கள். குடிக்கட்டும், பிரஷர் குளிசையை நிறுத்தாவிட்டால் சரி.

செப்டம்பரில் ஒரு காலை, றுக்கியா மதிலுக்கு மேலால் கையை நீட்டி ஸல்ஹாவின் பூக்களைக் கடதாசியில் தட்டிக்கொண்டு நின்றாள். ஸல்ஹா பிளாஸ்டர் போட்ட கையோடு ஓடினாள். றுக்கியா மறைக்காமல் விளக்கினாள். இந்தப் பூவில் மகரந்தம் உதிரும்போது, அதே பூவின் சூல்முடிக்குப் பருவம் கடந்திருக்கும். முந்திய நாள் விரிந்த பூவின் பொடியை எடுத்து, புதிதாய் இதழ் பிரியும் பூவில் பிரஷ்ஷால் தடவ வேண்டும். தன் மரத்துப் பொடி போதாததால் வருடக்கணக்காக இங்கேயும் எடுத்திருக்கிறாள்.

"இதை எனக்குச் சொல்லவே இல்லையே, மதினி?"

"நீ கேட்டாத்தானே சொல்ல."

ஸல்ஹா இடக்கையால் முயன்று இரண்டு பூக்களைக் கிழித்தாள். மூன்றாம் நாள் என்னை அனுப்பி றுக்கியாவைக் கூப்பிட்டாள். றுக்கியா வந்து பதினொரு பூக்களில் தடவினாள், மூன்று பிடித்தன. மார்ச்சில், நோன்பு தொடங்க, மூன்றும் முற்றின. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் றுக்கியா ஒன்றையே சொன்னாள்: "மரம் ஸல்ஹாட. புள்ளத்தாச்சியாக்கினது என்ட கை."

ஸல்ஹாவுக்கும் அது கேட்டது. முதல் நோன்பன்று மூன்று பழங்களையும் முழுசாகவே றுக்கியா வீட்டுக்கு அனுப்பினாள். ஒன்றையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அவ புடிக்க வச்ச காய், அவவே குடிக்கட்டும்."

கணவர் அன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்தார்.

பெருநாள் கழிந்து மரம் மறுபடி பூத்தது. ஸல்ஹாவின் மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஆனாலும் பிரஷ்ஷைத் தானே பிடித்தாள். உயரக் கிளையை நான் வளைத்துக் கொடுத்தேன். பூ ஆடியது, பிடிக்கப் போனேன்.

"கிளைய மட்டும் புடிங்க அக்கா," என்றாள். "பூவுல கை வைக்காதீங்க."