கோதண்டம் சிவப்படித்த கோழி

திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சந்தில், எந்தக் கோழி யார் வீட்டுடையது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கொல்லைப்புறம் எல்லா வீட்டுக்கும் பொது, நடுவில் சுவர் கிடையாது. அதனால் அவரவர் தொழிலில் மிச்சமாவதை அவரவர் கோழிக்கு அடையாளமாக வைத்துவிடுவார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டுக் கோழிக்குக் காலில் வலை நூல். மளிகைக்கடை சீனியம்மாளின் கோழிகளுக்கு இறக்கையில் துணிக்குப் போடும் நீலம். கண்டெய்னர் யார்டில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் கோதண்டத்திடம் இருந்தது ரெட் ஆக்ஸைடு என்கிற செங்காவிப் பெயிண்ட்.

அதை அவர் ஒரே ஒரு கோழிக்குத்தான் அடித்தார். அந்தக் கோழியின் பெயர் எச்.எம்.

பெயர் வைத்தது அவர் மனைவி டோரதி. பள்ளிக்கூடத்தில் ஆயா. பகலெல்லாம் ஒரு தலைமையாசிரியை அவளை விரட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் இன்னொரு தலைமையாசிரியை விழுந்தடித்து ஓடிவரும். முதல் பிடி அரிசி எச்.எம்.முக்குத்தான், அதுவும் கையில். மற்ற ஆறும் தள்ளி நின்று பார்க்கும். டோரதி உயிரோடு இருந்தவரை கோதண்டம் இந்தக் கோழிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "கலீஜ் புடிச்ச வூடு" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் யார்டிலிருந்து திரும்பியபோது டோரதி பின்வாசல் படியில் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தீனி டப்பா கவிழ்ந்திருந்தது. ஏழு கோழிகளும் அவள் மடியிலிருந்து நிதானமாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அவை அவ்வளவு நிதானமாக இருந்ததால்தான், அவள் இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தாமதமாகப் புரிந்தது.

அதன்பிறகு அந்தக் கோழிகளை அவர் விற்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விற்கவில்லை. மகள் ஷாலு மணலி புதுநகரில் இருக்கிறாள், தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்தாள். வேறு சாக்கு எதுவும் அகப்படாமல் அவர் சொன்னார்: "உங்கம்மா கோழி ஒண்ணு கீது இல்ல, எச்.எம்மு. அது இருக்கறவரிக்கும் நான் இங்கதான். அது பூட்சுன்னா அடுத்த நாளே வந்துர்றேன்."

ஷாலு அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த கோழிகள் எல்லாம் அற்பாயுசு.

ஆனால் அவரிடம் ஒரு சிக்கல் இருந்தது. ஏழு கோழிகளையும் டோரதி முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள், அவளுக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. இவருக்கோ எல்லாக் கோழியும் ஒரே கோழி. சீனியம்மாள் கோழிகளோடு கலந்து எச்.எம். தொலைந்துவிட்டால்? அதன் முதுகில், வால் தொடங்கும் இடத்தில், கண்டெய்னர் நம்பர் எழுதும் கவனத்தோடு ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

அந்த வாரமே மற்ற கோழிகள் எச்.எம்.மைக் கொத்த ஆரம்பித்தன.

முதலில் இறகு போனது. பிறகு தோல். கறுப்பி என்ற பெட்டைதான் முன்னணியில் நின்றது. எச்.எம். தண்ணீர்த் தொட்டியை நெருங்கினால் போதும், எங்கிருந்தோ பாய்ந்து வந்து முதுகில் ஏறிவிடும். எச்.எம். விறகுச் சந்தில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். தலையை ஒளித்துக்கொண்டால் முதுகும் ஒளிந்துவிடும் என்று நம்பியது. கோதண்டம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார். இறகு உதிர உதிர அடையாளமும் அழிந்துபோனதால், புண்ணைச் சுற்றி மிச்சமிருந்த இறகில் சிவப்பைப் புதுப்பித்தும் வந்தார். மருந்தையும் பெயிண்டையும் அவர் ஒரே அன்போடுதான் போட்டார்.

சீனியம்மாள் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து பார்த்தாள். "கோதண்டண்ணே, அந்தக் கறுத்தத என் பக்கம் குடுங்க. ஒரு வாரம் கூடைக்குள்ள கெடக்கட்டும். திமிரு எறங்கிரும்."

"எங்க சைடு கோயின்னா உங்களுக்கு எளக்காரமாம்மா?"

"உங்க சைடு மனுசரே அப்பிடித்தானண்ணே."

கறுப்பி ஒரு வாரம் சீனியம்மாளின் கூடைக்குள் கிடந்து, பரம சாதுவாகத் திரும்பி வந்தது. ஆனால் அது பார்த்துவந்த வேலை அந்த ஒரு வாரமும் காலியாக இருக்கவில்லை. அதுவரை வாய்பேசாத சாம்பல் நிறப் பெட்டை ஒன்று அதை இன்னும் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கோதண்டத்துக்கு ஓர் எண்ணம் வந்தது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கோழிகளை ஒருபோதும் "பா பா" என்று கூப்பிட்டதில்லை, டப்பாவைத் தட்டுவார், அவ்வளவுதான். ஆனாலும் தினமும் பொழுது சாயும் நேரத்தில், யாரும் கூப்பிடாமலே எல்லாக் கோழிகளும் பின்வாசலுக்கு ஓடிவரும். ஓடிவந்து தரையைப் பார்க்காது. காலி வாசலில் ஒரு பெண்ணின் கை இருக்கும் உயரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும். கோழிகளுக்கு நேரம் தெரியும் என்பதைப் படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். உயரத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

கொத்த வைப்பது டோரதிதான் என்று அவர் முடிவு செய்தார். மற்ற கோழிகளுக்கு எச்.எம். மேல் அவள் தெரிகிறாள், அல்லது அவள் சொல்லி அவை செய்கின்றன. ஆயுசு முழுக்கப் பகுத்தறிவு பேசிய ஆள். காலி வாசலைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா டோரதி, எம்மேல கோவம்னா என்னிய கேளு. அது இன்னா பண்ணிச்சி?"

எச்.எம். தீனி எடுப்பதை நிறுத்தியிருந்தது. ஷாலு போன் செய்தாள்.

"நைனா, அந்தக் கோயி எப்டி கீது?"

"கீது."

"நல்லா கீதா?"

"கீதுன்னா கீது. வெய்யி."

"ஞாயித்துக்கெயம வரேன்" என்று சொல்லி வைத்தாள்.

அதற்கு முந்தின சாயங்காலம். யார்டிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் கோதண்டம் படியில் உட்கார்ந்து தீனியை வீசினார். சாம்பல் பெட்டை தீனியைத் தாண்டி நேரே அவரிடம் வந்து கணுக்காலில் நறுக்கென்று கொத்தியது. "ஏய்!" என்று காலை இழுத்தார். மறுபடி அதே இடத்தில் கொத்தியது. கறுப்பியும் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் அரிசியை விட்டுவிட்டு அவர் காலைச் சூழ்ந்துகொண்டன. குனிந்து பார்த்தார். கணுக்காலில் காய்ந்திருந்தது ஒரு சொட்டு ரெட் ஆக்ஸைடு. புதுப் புண்ணைப் போலவே இருந்தது.

கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். அது தெரியாமல் அவர் மாதக்கணக்கில் சிவப்படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டோரதி கோபமாக இருந்திருந்தால், அவள் இருக்கிறாள் என்றாவது ஆகியிருக்கும்.

தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பைத் துடைத்தார், போகாத இறகைக் கத்தரித்தார். புண் மட்டும் பாக்கி. அதுவும் சிவப்பு, அதைத் துடைக்க முடியாது, மூடத்தான் வேண்டும். வீட்டில் மெல்லிய துணி ஒன்றுதான் இருந்தது: கொடியிலிருந்து அவர் இன்னும் எடுக்காத, பெரிய நீலப்பூப் போட்ட, டோரதியின் நைட்டி. அதன் ஓரத்தை வெட்டி, இறக்கைகளைச் சுற்றி எலாஸ்டிக் வரும்படி கோணி ஊசியால் தைத்து, எச்.எம்.முக்கு மாட்டிவிட்டார். மற்ற கோழிகள் அதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு சிதறின. அவரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். செம்போடு திரும்பி வந்தபோது விறகுக்குப் பின்னால் அந்த நீலப்பூக்கள் மெல்ல நகர்ந்தன. செம்பு கைநழுவி விழுந்தது.

மறுநாள் மதியம் ஷாலு அவருடைய துணிமணிகளை அடைத்துக்கொண்டு போகப் பெரிய பையோடு வந்தாள். பின்பக்கம் போனவள் அப்படியே நின்றாள். எச்.எம். நீலப்பூவோடு, தண்ணீர்த் தொட்டியில் ஆற அமர நீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோழியும் இல்லை.

"நைனா... அம்மா நைட்டியா அது?"

"ஓரந்தான். மிச்சம் உள்ள கீது, வோணும்னா எட்துனு போ."

"அதுக்குப் போட்டா விட்ட? பைத்தியமா புட்ச்சிருக்கு உனுக்கு?"

"அத்த ஏன் கேக்கற, ராத்திரி அரிசி துன்னுச்சு தெரிமா?"

ஷாலு படியில் உட்கார்ந்தாள். சோறு வேண்டாமென்றாள். பிறகு இரண்டுமுறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். துணியை எடுத்துவைக்கும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வெயில் இறங்கியதும் கிளம்பலாமென்று எழுந்து பின்வாசலில் நின்றாள்.

கோழிகள் ஓடிவந்தன. எச்.எம்.தான் முன்னால். மற்ற ஆறும் அந்தத் துணிக்கு வழிவிட்டுத் தள்ளி வந்தன. எல்லாம் படிக்குக் கீழே நின்று, தலையைச் சாய்த்து, மேலே பார்த்தன.

"இன்னா நைனா, என்னியே பாக்குதுங்க?"

கோதண்டம் டப்பாவோடு வந்தார். "உன்னிய இல்ல" என்றார். "கொஞ்சம் நவுந்து நில்லு."

ஷாலு நகர்ந்தாள். கோழிகளின் பார்வை அவளோடு நகரவில்லை.

கொஞ்ச நேரம் அவளும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலிப் பையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலில் அந்த இடத்தில் கால் படாமல், ஒதுங்கி வெளியே போனாள்.