நானே கேட்டாலும் குடுக்காதே

போன் அடிச்சாலே இப்பல்லாம் எனக்குத் தலைவலி வந்துடுது. பேங்க்குன்றான், கூரியருன்றான், போலீஸுன்றான். நாள் பூரா செராமிக் கம்பெனியில நின்னுட்டு வந்து இவனுங்களுக்கு வேற பதில் சொல்லணும். கரண்டு பாக்ஸுல மாட்டுற பீங்கான் பீஸ் கேரியரைச் சூளையில வைக்கிறதுக்கு முன்னாடி, அதோட ஓரத்தை ஈர ஸ்பான்ஜால துடைக்கிறதுதான் என் வேலை. துடைச்சுத் துடைச்சு விரல் ரேகையே தேஞ்சுபோச்சு. ரேஷன் கடை மெஷினுக்கு நான் யாருன்னு தெரிய மாட்டேங்குது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற திருட்டுப்பயலுக்கு மட்டும் என் பேரு, என் வூட்டுக்காரர் பேரு எல்லாம் தெரியுது.

வூட்டுக்காரர் சவுதியில இருக்காரு. போன வருஷம் ஏமாந்துட்டாரு மனுஷன். கூட வேலை பார்க்கிறவர் குரல்லயே எவனோ பேசி, அவசரம்னு சொல்லி, கிரெடிட் கார்டு நம்பரையும் ஓடிபியையும் வாங்கிட்டான். குரலைக்கூட இப்ப மெஷின்ல செய்யறாங்களாம். அந்தக் கடனை அடைக்கிறதுக்குள்ள, ஊருக்கு வர இருந்த லீவு போச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. டெபாசிட்டை வச்சு பேங்க்குல என் பேருக்கு ஒரு கார்டு குடுத்திருந்தாங்க. ஒரு நாள் அவர் வீடியோ கால்ல வந்து, "நமக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்குவோம். கார்டு நம்பரு, பின்னாடி இருக்கிற மூணு நம்பரு, ஓடிபி, எதையும் யாருக்கும் குடுக்காதே. நானே கேட்டாலும் குடுக்காதே. முதல்ல அந்த வார்த்தையக் கேளு"ன்னாரு. வார்த்தையையும் சொல்லி, அதை எழுதி வைக்கக் கூடாதுன்னு வேற சட்டம் போட்டாரு. நான் குழம்பைக் கிண்டிக்கிட்டே சரி சரின்னேன்.

இந்த வருஷம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வூட்டுக்கு வந்திருந்தா. தினம் அப்பாவைப் பத்தி ஒரே கேள்விதான், "அத்தா வந்துடுவாங்களாம்மா?" லீவு கேட்டிருக்காரு, லீவு கேட்டிருக்காருன்னு சொல்லி என் வாயே வலிச்சுப்போச்சு.

ஒரு நாள் மத்தியானம் சோத்து டப்பாவைத் திறக்கிறேன், தெரியாத நம்பர்லேருந்து போன். எடுத்தா, கரகரன்னு அவர் குரல்.

"என் போன் தண்ணியில வுழுந்துடுச்சு. பக்கத்து ரூம்காரர் போன்லேருந்து பேசறேன். லீவு குடுத்துட்டாங்க, நாளன்னைக்குக் கிளம்பணும். இவரே டிக்கெட் போட்டுத் தரேன்றாரு. கார்டு நம்பரைச் சொல்லு, ஓடிபி வரும், அதையும் சொல்லு."

யா அல்லா! திருடன் எப்படிப் பேசுவான்னு என்கிட்ட சொன்னாரோ, அப்படியே பேசறாரு. போன் கெட்டுப்போச்சு, அவசரம், ஓடிபி. 

"அந்த வார்த்தை என்னங்க?"ன்னேன்.

"வார்த்தையா..."ன்னு இழுத்தாரு. "பேரீச்சம்பழமா?"ன்னாரு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. பேரீச்சம்பழமா, முருங்கக்காயா, எனக்கும் ஞாபகம் இல்ல. அவர் எதைச் சொன்னாலும் சரியா தப்பான்னு சொல்ல எனக்குத் துப்பு இல்ல.

பொண்ணு பேரைச் சொன்னாரு, எங்க கல்யாணம் நடந்த மண்டபத்தைச் சொன்னாரு. இதெல்லாம் இவனுங்களுக்குத் தெரியாதா என்ன? கடைசியில கத்தினாரு, "உன் புருஷன்டி நானு!"

"என் புருஷன்தாங்க குடுக்காதேன்னு சொல்லியிருக்காரு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

வச்சுட்டேனே தவிர, சோறு இறங்கல. அவர் நம்பருக்குப் போட்டா ஸ்விட்ச் ஆஃப். நிஜமாவே அவரா இருந்து, என்னால வராமப் போயிட்டா, பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஸ்பான்ஜைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன். நிக்கும்போதுதான் ஒண்ணு தோணுச்சு. திருடனுக்கு வேண்டியது நம்பரு. என் வூட்டுக்காரர் பேருல இருக்கிற டிக்கெட்டை வச்சு அவன் என்ன பண்ணுவான்?

அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடினேன். வூட்டு பீரோவுல அவர் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருந்துச்சு. ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற டிராவல்ஸுக்குப் போனேன். கார்டை அவங்க கையில குடுக்கல. நம்பரை முக்காட்டால மறைச்சுக்கிட்டு நானே அடிச்சேன், ஓடிபியும் நானே போட்டேன். கடைக்காரர் சிரிச்சாரு, "என்னையும் நம்ப மாட்டீங்களாம்மா?" "புருஷனையே நம்பாம வந்திருக்கேன், நீங்க வேற"ன்னேன்.

டிக்கெட்டை, மத்தியானம் போன் வந்த நம்பருக்கு அனுப்பினேன். பதில் இல்ல. ராத்திரி பொண்ணு கேட்டதுக்கு, அத்தா வராங்கன்னும் சொல்ல முடியல, வரலன்னும் சொல்ல முடியல. நல்லது சொல்றதுக்குக்கூட சாட்சி தேட வேண்டிய காலமாப் போச்சேன்னு எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு.

ப்ளைட்டு மெட்ராஸ்ல இறங்குற தேதிக்கு மறுநாள், விடியற நேரத்துல எங்க ஊர் ஜங்ஷனுக்குப் போய் நின்னேன். மெட்ராஸ்லேருந்து வந்த ரயில்ல எல்லாரும் இறங்கினாங்க. கடைசிப் பெட்டியிலேருந்து, இளைச்சுப்போய், தலையெல்லாம் நரைச்சு அவர் இறங்கினாரு. டிக்கெட் பார்த்த சந்தோஷத்துல பதில் போட மறந்துட்டாராம். நல்லா வாயில வந்துச்சு எனக்கு.

வூட்டுக்கு வந்து, பொண்ணைப் பார்த்து, சாப்பிட்டு முடிச்சுட்டுக் கேட்டாரு, "அந்த வார்த்தை என்னதான்? ப்ளைட்டு பூரா யோசிச்சேன்."

"எனக்கும் தெரியாது"ன்னேன். ஒரு நிமிஷம் முறைச்சுப் பார்த்தாரு. அப்புறம் இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ரொம்ப நாளாச்சு ரெண்டு பேரும் ஒரே இடத்துல உட்கார்ந்து சிரிச்சு.

"சரி, புதுசா ஒண்ணு வைப்போம். நான் போறதுக்குள்ள ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணிடணும்"ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "வந்து தின்ன சோறு செரிக்கல, அதுக்குள்ள போற பேச்சா?"ன்னு கேட்டேன். "எனக்கு அலுத்துப்போச்சுங்க. இந்த வார்த்தையே தேவைப்படாத மாதிரி, இங்கயே இருக்க முடியாதா உங்களால?"

 உள்ளேருந்து பொண்ணு "அத்தா"ன்னு கூப்பிட்டா. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போனாரு.