ஆள் பிரிக்கும் நாள்

எங்கள் கூட்டாளிகள் எட்டுப் பேர். ஒவ்வொரு கோடையிலும் கிரிக்கெட் தொடர் தொடங்கும் முன்பு ஒரு சாயங்காலம் போனிலேயே கூடி, முறை வைத்து நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்போம். ஒருவன் எடுத்த ஆளை இன்னொருவன் எடுக்க முடியாது. அவர்கள் அடிக்கும் ரன்னும் எடுக்கும் விக்கெட்டும் எங்களுக்குப் புள்ளிகள். ஊர் உலகம் இதை ஃபேன்டஸி டிராஃப்ட் என்கிறது. நாங்கள் சின்ன வயதில் பொட்டலில் சொன்னபடியே 'ஆள் பிரிக்கிறது' என்போம்.

இந்த எட்டில் சேராத ஒருவன் உண்டு. அவன்தான் காமன். தெரு கிரிக்கெட்டில் ஆள் பிரித்த பிறகு ஒருவன் மிஞ்சினால் அவன் காமன், அதாவது பொது ஆள். இரண்டு பக்கத்துக்கும் பேட் பிடிப்பான். இவன் வேண்டுமென்றே மிஞ்சி நிற்பான். நாற்பது வயதிலும் அந்தப் பட்டம் போகவில்லை. "இவருக்கு மன்மதன்னு நெனப்பு" என்று அவன் மனைவி கேலி செய்வார்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மறு கையில் போன். படுத்தபடியே ஒரு ஆட்டம் விடாமல் பார்த்ததில், ஒவ்வொரு ஆட்டக்காரனின் ஜாதகமும் அவனுக்கு அத்துப்படி. அதனால் ஆள் பிரிப்பதற்கு முந்தைய வாரம் எட்டுப் பேரும், ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன், அவனிடம் யோசனை கேட்போம். யார் என்ன கேட்டான் என்று அடுத்தவனிடம் மூச்சு விட மாட்டான்.

போன வருஷம் பேசும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. உடம்பு முடியாதவனை இப்படிப் பிடுங்குகிறோமே என்று எனக்குக் கோபம். எனக்கோ எதைக் கண்டாலும் புரோகிராம் எழுதிவிடும் புத்தி. சோறு போடுவதும் அதுதான். அவனுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு செயலியில் போட்டுவிட்டால் அவன் நிம்மதியாக இருப்பான் என்று முடிவு கட்டினேன். நிம்மதி வேண்டும் என்று அவன் கேட்டானா என்று நான் யோசிக்கவே இல்லை.

நாலைந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். "மொதல்ல கீப்பரப் புடி. அம்புட்டுப் பேரும் பேட்ஸ்மேனுக்குத்தான் அலைவாய்ங்க. கடைசி ஓவர் போடுறவன விட்றாத. புதுசா கல்யாணம் ஆனவன எடுக்காத, பாதியில லீவு போட்ருவான்." கடைசியைத் தவிர எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"நான் சொல்றதெல்லாம் மிசினுக்குள்ள போயிருமா மாப்ள?"

"போயிரும்டா."

அவனுக்கு ஏகப் பெருமை. பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொல்லிக்கொண்டான்.

இந்தக் கோடையில் செயலி தயார். ஒரு வாரம் முன்பே எட்டுப் பேர் போனிலும் ஏற்றிவிட்டேன். எவனெவனை எடுத்தாயிற்று, மிச்சத்தில் யாரை எடுக்கலாம் என்று ஒவ்வொரு சுற்றிலும் அதுவே சொன்னது. மூன்று மணி நேரம் இழுக்கிற வேலை முக்கால் மணியில் முடிந்தது. என்னை ஆளாளுக்குப் பாராட்டினார்கள். நானும் பூரித்துப் போயிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் காமன் கூப்பிட்டான்.

"மாப்ள, செத்த எனக்கு ஒரு போன் போடேன். வச்சிட்டுப் போடு."

"ஏண்டா?"

"ஒரு வாரமா மணியே அடிக்கல. ரிப்பேரோ என்னமோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் நானும் அவனைக் கூப்பிடவில்லை. வைத்துவிட்டு அவன் எண்ணைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கேக்குது மாப்ள. போனு நல்லாத்தான் இருக்கு."

ஏதாவது பேச வேண்டும் என்று வாயில் வந்ததைக் கேட்டேன். "சரி, இந்த வருசம் கீப்பரா யாரப் புடிக்கட்டும்?"



"அதான் நேத்தே புடிச்சிட்டீங்களேப்பா. ஸ்டேட்டஸ்ல பாத்தேன். நல்ல டீமு."