கட்டிங் டேபிளில் இறங்கிய ஆறுமணிக் குருவி

புதுப் பனியன் துணியை மேஜையில் விரிக்கும்போது ஒரு வாசம் வரும். கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் சூடு... நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனியை நினைத்தாலே அந்த வாசம்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாம்பிள் பனியன்களைப் படம் எடுத்து வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தரும் பையருக்கு மெயிலில் அனுப்புவது என் வேலை. அதற்காகக் கையடக்கமான ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்திருந்தார்கள். மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். கரண்ட் கம்பியில் கரிச்சான், வேலியோரம் செம்போத்து... படத்தில் எல்லாம் கடுகளவுதான் தெரியும். எனக்கு அதுவே திருவிழா!

கட்டிங் மாஸ்டர் செல்வராஜ் அண்ணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

"அம்மிணி, கேமரா பனியனுக்கு வாங்குனதுங்க. காக்காய்க்கு இல்லீங்க."

திட்டும்போதுகூட 'ங்க' குறையாது அவருக்கு.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. ஷிப்மென்ட் நெருக்கடி. நீளமான மேஜையில் வெள்ளைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மாஸ்டர் துணி வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். திறந்திருந்த ஷட்டர் வழியாக ஏதோ ஒன்று சர்ரென்று உள்ளே வந்தது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் டொப்பென்று மோதி, நேராகத் துணியின் மேல் விழுந்தது.

பச்சை முதுகு. இறக்கையில் நீலம். கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு. வயிற்றுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. வாலே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் குட்டி வால்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறுமணிக் குருவி! நூலகப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கிய பறவை, என் கைக்கு எட்டும் தூரத்தில்!

தலைக்கு மேலே ஆறு ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பறவை எழும்பினால் அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் கத்தினார்: "ஃபேனை நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க!"

அவரா இப்படி என்று ஆச்சரியப்படக்கூட நேரமில்லை. அயர்ன் டேபிளில் இருந்த பீகார்க்காரர் திலீப், "நவரங்! நவரங்!" என்று அதன் இந்திப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். "எங்க ஊர்ல மழைக்கு வரும்... குளிர் வந்தா போயிரும். எங்க போகும், தெரியாது."

"இங்கதான் வருதாட்ட இருக்குதுங்க" என்றார் மாஸ்டர், பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கேமராவை எடுத்து அழுத்தினேன். 'மெமரி ஃபுல்'. உள்ளே முழுக்க அந்த வாரத்துச் சாம்பிள் படங்கள். இன்னும் பையருக்கு அனுப்பவில்லை. சாம்பிள்களோ பேக் செய்து, டேப் ஒட்டி, கூரியருக்குத் தயாராக இருந்தன. டெலீட், டெலீட், டெலீட். பன்னிரண்டு படம் எடுத்தேன். பதினொன்று கலங்கல். ஒன்றே ஒன்று, கண்ணில் ஒளிப்பொட்டோடு, பளிச்!

மோதிய அதிர்ச்சியில் அது அசையவே இல்லை. காட்டன் வேஸ்ட்டை ஒரு அட்டைப்பெட்டியில் பரப்பி, திலீப் இரண்டு கையாலும் அலுங்காமல் எடுத்து உள்ளே வைத்தார். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, இருட்டாக மூடி, ஸ்டோர் ரூமில் வைத்தோம். பிழைக்குமா? யாருக்கும் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருவராகப் போய்ப் பெட்டியில் காதை வைத்தார்கள்.

நான் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சரியான திட்டு. கண் கலங்கி வெளியே வந்தால், மாஸ்டர் அந்தக் கூரியர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பனியனை நான் புடிச்சுக்கறனுங்க, நீங்க மறுபடி படம் எடுங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்."

டீ டைமுக்குப் பெட்டிக்குள் கீறும் சத்தம் கேட்டது. பின்பக்கம் கிளுவை வேலியடியில் கொண்டு போய்த் திறந்தோம். வெளியே தத்தி வந்தது. நின்றது. காய்ந்த இலையை அலகால் புரட்டிப் போட்டது. ஏதோ ஒரு புழுவைப் பிடித்து விழுங்கிவிட்டு, விருட்டென்று புதருக்குள் போனது. டீ கிளாசோடு நின்ற அத்தனை பேரும் கை தட்டினோம்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். "கேளுங்க!" என்றார். வேலிப் பக்கமிருந்து இரண்டே சுரத்தில் ஒரு விசில்... மறுபடியும் ஒரு விசில். திலீப் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று கேமரா கைக்குக் கை மாறிச் செக்கிங், பேக்கிங் என்று கம்பெனியையே சுற்றி வந்தது. தீப்பெட்டி அளவுத் திரையில் ஒரே ஒரு படம். "அட சாமி, இது நம்மூர்க் குருவியாங்க?" என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, நான்தான் அதைப் பெற்றெடுத்த மாதிரி நின்றேன்!

இப்போது என்னிடம் முழங்கை நீள லென்ஸ் இருக்கிறது. கார்டில் ஆயிரக்கணக்கில் படம் கொள்ளும். ஞாயிறு விடிந்தால் பறவை பார்க்க நஞ்சராயன் குளம். போன ஐப்பசியில் மடத்துக்குளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இதே பறவை... இரை தேடியபடி கால் மணி நேரம் எனக்குக் காட்சி கொடுத்தது. இறகு இறகாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம்! போட்ட ஐந்து நிமிடத்தில் பறவை ஆர்வலர் குரூப்பில் இதயங்களாகக் கொட்டின.

ஆனால் அந்தப் படம் விழுந்த நொடியில், "பாருங்க, பாருங்க!" என்று கேமராவை நீட்டிக்கொண்டே திரும்பினேன்.

பின்னால் தென்னை மரங்கள்தான் இருந்தன.